நான்காவது அருவியின் நீலக் கோடு

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன படிவத்தில் 'விபத்து நடந்த விதம்' என்ற தலைப்புக்குக் கீழே நான்கு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். அதிலும் நான்காவது வரியில் பாதியைக் கையெழுத்துக்கான கட்டம் தின்றுவிட்டது. நான் கொஞ்சம் வாயாடி. நான்கு வரி எனக்கு நலம் விசாரிக்கவே போதாது. அதனால் வெள்ளைத்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் மன்னிக்கவும், கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை.

போன வாரம் நீங்கள் விசாரணைக்காகக் கடைக்கு வந்தபோது வரிசையாகத் தொங்கிய ரப்பர் உடைகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, இதை எப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்களோ என்று சிரித்தீர்கள். போட ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும் மேடம், கழற்ற இரண்டு பேர் இழுக்கவேண்டும். காலையில் வாடிக்கையாளர்கள் வரும்போது ஆளுக்கொரு தோரணையோடுதான் வருவார்கள். ஒருவர் மேலதிகாரி, ஒருவர் புது மாப்பிள்ளை, ஒருவர் எதற்கும் அசராதவர். அந்த உடையை இடுப்புவரை ஏற்றிவிட்டு, அதற்குமேல் ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது எல்லோரும் ஒரே ஜாதி ஆகிவிடுவார்கள். ஒரு நீதிபதியைத் தோளைப் பிடித்துத் தூக்கி, மூட்டையில் அரிசி இறக்குவது போலக் குலுக்கிக் குலுக்கி உள்ளே இறக்கியிருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ரசித்துச் செய்கிற வேலை இது.

கேன்யனிங் என்று பெயர்ப்பலகையில் போட்டிருக்கிறோம். விஷயம் எளிது. மலையோடையின் மேல்முனையில் இறங்கி, ஓடை போகிற வழியே நாமும் போகவேண்டும். வழுக்குப் பாறை வந்தால் உட்கார்ந்து சறுக்கலாம். மடு வந்தால் நீந்தலாம். அருவி வந்தால் கயிற்றில் இறங்கவேண்டும். எங்கள் ஓடையில் ஐந்து அருவிகள். காலையில் கிளம்பினால் சாயங்காலம் அடிவாரம், சூடாக டீ, ஆளுக்கு இரண்டு முட்டை, பிறகு வேன். ஐந்து வாடிக்கையாளருக்கு ஒரு வழிகாட்டி. ஒருநாள் நான் கூட்டிப்போவேன், மறுநாள் என் தங்கை. கீழே கடை, மாடியில் எங்கள் வீடு. இரண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்களைக் கட்டிக்கொள்ள அந்த ஓடை ஒன்று போதும் என்று வேன் ஓட்டுநர் கேலி செய்வார்.

உங்கள் அறிக்கையின் நகல் நேற்று தபாலில் வந்தது. நான் படித்தேன், அவளும் படித்தாள். நான்காவது அருவிக்கான நீளக்குறி கயிற்றில் ஒன்பது அடி தவறாக இருந்தது, குறியை இட்டவர் விபத்தில் சிக்கிய வழிகாட்டியேதான், ஆகவே அவருடைய சொந்தக் கவனக்குறைவு, உரிமம் ரத்து செய்யப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எழுதும் அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டு, 'ஏற்கிறேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். முதுகெலும்பு முறிந்தபோது அழாதவள், அந்தத் தாளை உறைக்குள் போடும்போது அழுதாள். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் அளந்தது தவறிவிட்டது என்று ஓர் அரசாங்கத் தாள் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பதா? அவள் அளவு தவறவே இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

என் தங்கைக்கு அளவுதான் உயிர். திரைச்சீலைத் துணி வாங்கினால் கடைக்காரர் அளந்ததை அவர் கண்முன்னாலேயே தன் கையால் மறுபடி அளப்பாள். ஓட்டுநர் வண்டியின் டயரில் காற்று இருக்கிறது என்று சொன்னால் போதாது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவேண்டும். கொக்கி, பட்டை, ஹெல்மெட் வார் என்று ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு 'டேப்பு அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு 'மீன்கொத்தி' என்று பெயர். அதன் காரணத்தைச் சொல்லத்தான் போகிறேன்.

நான்காவது அருவி முப்பது அடி. மேலே நிற்பவருக்குக் கீழே தெரியாது. பாறை தொப்பை போலப் புடைத்துக்கொண்டிருக்கும், மிச்சத்தைச் சாரல் மறைத்துவிடும். கயிறு தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, தண்ணீருக்கு இரண்டு அடி ஆழத்தில் பாசி பிடித்த ஒரு பாறைத் திட்டு உண்டு. இறங்குகிறவர் அதில் கால் வைத்த உடனே வழுக்கி ஆழமான மடுவுக்குள் போவார். அந்த நேரத்தில் கயிறு அவரை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அருவி தலையில் கொட்டிக்கொண்டே இருக்கும், கயிறு நகர விடாது. அதனால்தான் கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடுவதில்லை. நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி கட்டுவோம். இடுப்பில் உள்ள இரும்பு வளையத்திலிருந்து நுனி தானாகவே நழுவும், ஆள் சிரித்துக்கொண்டே கரைக்கு நீந்திப் போவார்.

அந்த அளவுக்காக அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கயிற்றின் மீது அருவிக்கு ஒன்றாக ஐந்து நிறத்தில் டேப் சுற்றியிருப்பாள். நான்காவது அருவிக்கு நீலம். மேலே உள்ள கொக்கியில் நீலக் கோடு வருகிற இடத்தில் கட்டினால் கீழே நுனி சரியாகத் தண்ணீரில் இருக்கும். ஆளுக்கு ஒரு கயிறு வைத்திருந்தோம். அவளுடையது பச்சை, என்னுடையது ஆரஞ்சு. பல் தேய்க்கும் பிரஷ்ஷை மாற்றிக்கொள்ளாதது போல, கயிற்றையும் மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் இரண்டிலும் கோடு போடுவது அவள் வேலை.

இன்னொரு விதியும் வைத்திருந்தாள். நான்காவது அருவியில் முதலில் அவள் இறங்குவாள். நுனி நழுவுகிறதா என்று பார்த்துவிட்டு, பக்கவாட்டுப் பாறையில் சங்கிலியைப் பிடித்து மறுபடி மேலே ஏறி வந்து, அப்புறம்தான் மற்றவர்களை இறக்குவாள். பத்து நிமிடம் வீண். தான் இறங்கிப் பார்க்காத கயிற்றில் பிற வீட்டுப் பிள்ளையை இறக்கமாட்டாளாம். நான் அந்தச் சடங்கெல்லாம் வைத்துக்கொள்வதில்லை.

முதல் தடவை நடந்தது சத்தியமாக என் தவறுதான், திட்டமில்லை. ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு வங்கிக் காசாளர் கணவரோடு வந்திருந்தார். பேச்சு மும்முரத்தில் நான் கோட்டைக் கவனிக்காமல் இரண்டு முழம் கயிற்றை அதிகமாக விட்டுக் கட்டிவிட்டேன். அந்த அம்மாள் கீழே போய் மாட்டிக்கொண்டார். இரண்டு முழம் என்பது ஒன்றுமில்லை, ஒரு கையால் இழுத்துவிட்டால் போதும். ஆனால் தலையில் அருவி கொட்டும்போது யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. விசில் சத்தம் கேட்டது. இடது பக்கம் ஒரு பாறை விளிம்பு இருக்கிறது. அங்கிருந்து மடுவின் ஆழமான பக்கமாகக் குதித்தேன். போய் வளையத்திலிருந்து கயிற்றை உருவி, அவரைத் தோளில் போட்டுக் கரையேற்றினேன். மொத்தம் முப்பது நொடி இருக்கும்.

அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். கணவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். வேனில் திரும்பும்போது அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுவதும் என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தத் தாளில் எழுதுவது? வீட்டுக்கு வந்தும் சட்டையை மாற்ற மனம் வரவில்லை.

அதன்பிறகு யோசித்துப் பார்த்தேன். என் தங்கை கூட்டிப்போகிறவர்களும் திரும்பி வருகிறார்கள். பத்திரமாக வருகிறார்கள், டீ குடிக்கிறார்கள், நன்றாக இருந்தது என்கிறார்கள், அடுத்த மாதம் மறந்துவிடுகிறார்கள். உப்புச் சப்பில்லாத நாள். அந்தக் காசாளர் குடும்பமோ இன்றுவரை வருடம் தவறாமல் எனக்கு வாழ்த்து அனுப்புகிறது. அவர்களுடைய பெண் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். எது நல்ல சேவை, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே அவ்வப்போது, தகுந்த ஆள் கிடைத்தால் மட்டும், இரண்டு முழம் சேர்த்து விட ஆரம்பித்தேன். கண்டவர்களுக்குச் செய்ததில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவரை மாட்டவைத்தால் தானாகவே கழற்றிக்கொண்டு வந்து கயிற்றைக் குறை சொல்வார், அதில் யாருக்கும் பயனில்லை. காலையில் நிரப்பும் தாளில் 'உங்களுக்கு எதில் பயம்?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. பயந்தவர்களுக்குக் கூடுதலாகக் கைகொடுக்க வேண்டும் என்று என் தங்கை சேர்த்த கேள்வி அது. எனக்கும் மிகவும் உதவியாக இருந்தது. தண்ணீர் என்று எழுதியவரை அன்று முழுவதும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வேன். மூன்றாவது அருவிக்குள் அவர் என்னைச் சொந்த அண்ணனாக நினைக்க ஆரம்பித்திருப்பார். நான்காவதில் நான் அவரைக் காப்பாற்றுவேன்.

இப்படி முப்பத்தொரு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு கல்யாணப் புகைப்படக்காரர், லிஃப்ட் பழுதுபார்க்கிற பெண், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், பல் மருத்துவர் ஒருவர். அந்தப் பல் மருத்துவர் ஏழு வருடத்துக்கு எனக்கு இலவசம் என்று சொல்லிவிட்டார். ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. இரண்டு பேருக்குக் காதில் தண்ணீர் போனது, சொட்டு மருந்தில் சரியாகிவிட்டது. தூக்கம் வருவதில்லை, குளியலறைக்குள் போகவே நடுங்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கும் தொலைபேசியில் தைரியம் சொன்னேன். வாரம் ஒருமுறை கூப்பிடச் சொன்னேன், இன்னும் கூப்பிடுகிறார். பாறை விளிம்பிலிருந்து நான் பாய்வதைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர்தான் மீன்கொத்தி.

தொல்லை பாராட்டிலிருந்துதான் வந்தது. சும்மா இருக்காமல் ஒருவர் இணையத்தில் என்னைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டார். மறுபிறவி கொடுத்தவர் என்று தலைப்பு. என் தங்கை அதைப் படித்துவிட்டு, கடையைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். நான்காவதில் ஆள் மாட்டும்படி கயிறு ஏன் நீண்டது என்று கேட்டாள். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். ஆரஞ்சுக் கயிறு வேறு ரகம், நனைந்தால் நீள்கிறது போல, என்றேன்.

அவள் சும்மா விடுவாளா? என் கயிற்றை இரண்டு நாள் தண்ணீர் டிரம்மில் ஊறப்போட்டாள். மாடிப்படியில் தொங்கவிட்டு, நுனியில் மணல் மூட்டை கட்டி, டேப்பு வைத்து அளந்தாள். ஓட்டுநர் மணல் மூட்டையின் மேல் ஏறி உட்காரவேண்டும் என்று வேறு கேட்டாள். அவர் மாட்டேன் என்றதும் தானே ஏறித் தொங்கினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. கயிறு ஒரு விரற்கடை நீண்டது.

"கணக்கு இடிக்குதே அண்ணா. ரெண்டு முழம்லாம் நீளாது."

"டிரம்முல அருவி கொட்டுதா? அங்க வந்து பாரு, தண்ணி எப்படி இழுக்குதுன்னு."

அவள் கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் அளந்தது சரி. அதை அவளும் அறிவாள். ஆனாலும், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, என் கயிற்றில் நீலக் கோட்டைப் பிரித்து நுனிப்பக்கமாக இரண்டு முழம் தள்ளி ஒட்டினாள். ஒட்டும்போது என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். தன் கோட்டால் ஒரு ஆள் செத்திருப்பாரே என்று வருத்தப்பட்டாள். நான்தான் சமாதானம் சொன்னேன். யாருக்கும் வருவதுதானே என்றேன்.

பிறகு எனக்கு வேலை கொஞ்சம் கூடியது. நீலக் கோடு இப்போது இரண்டு முழம் குறைவு. அதில் கட்டினால் நுனி அந்தரத்தில் நிற்கும். அதனால் நான் கோட்டை விட்டுவிட்டுக் கைக்கணக்கில் கட்டினேன், தகுந்த ஆளுக்கு மட்டும் இரண்டு முழம் சேர்த்தேன். ஆறு மாதத்தில் இன்னொரு பாராட்டு வந்தது. அவள் மறுபடி இரண்டு முழம் தள்ளினாள். தானும் என் கயிற்றில் ஒருதடவை இறங்கிப் பார்க்கவேண்டும் என்றாள். நான் இறங்கிப் பார்த்துவிட்டேன், பொருந்தி வருகிறது என்றேன். மூன்றாவது பாராட்டு வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவே இல்லை. பாதி சாப்பாட்டில் எழுந்துபோய்க் கோட்டை மாற்றி ஒட்டிவிட்டு வந்து, ரசத்தில் ஊறிய சோற்றைத் தின்றாள். மொத்தம் ஆறு முழம். நீங்கள் உங்கள் டேப்பால் அளந்த ஒன்பது அடி அதுதான்.

எனக்கு அது சிரிப்பாகக்கூட இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். கடைக்காரரை நம்பாதவள், தராசை நம்பாதவள், தன் சொந்த அளவைவிட என் வாயை நம்பினாள். என்மீது அவளுக்கு இருக்கிற பாசத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஆனால் பாசம் வேறு, தேவை வேறு.

எங்கள் அப்பா அம்மா போகும்போது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பதினேழு. சாலையைக் கடக்கும்போது என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொள்வாள். ஒன்பதாவது வயதில் நீச்சல் கற்றுக்கொடுத்தேன். ஒரே பிற்பகலில் கற்றுக்கொண்டாள். நான் பிடித்திருந்த கையை விலக்கிவிட்டு அக்கரைக்குப் போய்க் கையாட்டினாள். அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் அவள் ஒரு தடவைகூட என்னைத் துணைக்குக் கூப்பிட்டதில்லை. முப்பத்தொரு பேருக்கு நான் வேண்டியிருந்தேன். ஒரே வீட்டில் இருக்கிற ஒருத்திக்கு வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு வலித்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். முந்தின நாள் பல் மருத்துவர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார். கன்னம் பன் போல வீங்கிவிட்டது. முறைப்படி அன்று என் குழு. நான் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுடைய பச்சைக் கயிறு நூறு நாள் உழைத்துவிட்டது, அதற்குமேல் பயன்படுத்தக்கூடாது என்று முந்தின வாரம்தான் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தாள். நல்ல கயிறுதான், ஆனால் விதி விதிதான். புதுக் கயிறு வந்து சேரவில்லை. கடை வாசலில் என் ஆரஞ்சுக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேனில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, நாலாவதுல நீலக் கோடு சரியா இருக்கா?"

மேடம், நீங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், உங்களுக்குப் புரியும். ஒரு பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும். இல்லை என்றால் எவ்வளவு தவறு என்பாள். ஆறு முழம் என்றால் எப்போதிலிருந்து என்பாள். ஏழு வருடத்தை அந்த வாசலில், வேன் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீங்கின வாயோடு எப்படிச் சொல்வது?

"சரியாத்தான் இருக்கு. போய்ட்டு வா."

வேன் கிளம்பியதும் நான் வீட்டுக்குள் போகவில்லை. சட்டையை மாற்றி, ரப்பர் உடையைப் போட்டேன். தனியாக, அதுவும் எட்டே நிமிடத்தில். பின்பக்க மலைப்பாதையில் போனால் நான்காவது அருவிக்கு அவர்களுக்கு முன்னாலேயே போய்விடலாம். பாறை விளிம்பில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. பல்வலிகூடத் தெரியவில்லை. பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கிற பையனைப் போல இருந்தேன்.

என் கணக்கு இதுதான். அவள் விதிப்படி முதலில் அவள்தான் இறங்குவாள், ஆகவே வாடிக்கையாளர் யாருக்கும் ஆபத்தில்லை. கயிறு ஒன்பது அடி முன்னாலேயே முடிந்துவிடும். அவள் தண்ணீரில் விழுவாள், திகைத்துப்போவாள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், நான் பாய்ந்து தூக்குவேன். அவ்வளவுதான். நேர் கீழே பாறைத் திட்டு இருக்கிறது என்பது அந்த நேரம் என் நினைவில் இல்லை. ஏழு வருடமாக, குதிக்கும்போதெல்லாம் அந்தத் திட்டுக்கு ஒரு முழம் இடப்புறமாகத்தான் குதிக்கிறேன். ஆனாலும் அன்று நினைவில் இல்லை. நீங்கள் நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

மேலே அவள் வாடிக்கையாளர்களிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஆரஞ்சுக் கயிறு புடைப்பைத் தாண்டி வந்து தொங்கியது. நுனி அந்தரத்தில் ஆடியதை நான் பார்த்தேன். அவளுக்கு அது தெரியாது. முதுகைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு அழகாக இறங்கி வந்தாள். அவளைப்போல யாரும் இறங்கமாட்டார்கள், அவசரமே இருக்காது. நுனி வளையத்தைத் தாண்டியது. அவள் முதுகு திட்டில் பட்ட சத்தம் அருவியை மீறிக் கேட்டது. நான் அதற்குள் காற்றில் இருந்தேன்.

மூழ்கவிடவில்லை. கழுத்து அசையாமல் ஏந்திக் கரைக்குக் கொண்டுவந்தேன். மேலே நின்றவர்கள் நான் எங்கிருந்து முளைத்தேன் என்றே தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒருவர், கடவுள்தான் உங்களை அனுப்பினார் என்றார். என் தங்கை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் துழாவி என் தோளைப் பிடித்தது.

"வந்துட்டியா அண்ணா. விட்டுடாத, என்ன?"

விடமாட்டேன் என்றேன். ஸ்ட்ரெச்சர் வர இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் பிடியை எடுக்கவில்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, என் வாழ்க்கையிலேயே நிறைவான இரண்டு மணி நேரம் அதுதான்.

ஆகவே அறிக்கையைத் திருத்திவிடுங்கள். அவள் அளந்தது ஒருநாளும் தவறியதில்லை. கயிறு ஒரு விரற்கடைதான் நீளும் என்று சரியாகவே கண்டுபிடித்தாள். ஆறு முழத்தையும் அவளைத் தள்ளவைத்தவன் நான். கோடு பொய் என்று தெரிந்தே அவளை அதில் இறங்கவிட்டவனும் நான்தான். உரிமத்தை ரத்து செய்வதானால் என்னுடையதைச் செய்யுங்கள். வேறு என்ன செய்யவேண்டுமோ அதையும் செய்யுங்கள், தடையில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், அவளிடம் மட்டும் காரணம் சொல்லாதீர்கள். புதிதாக அளந்ததில் குறி சரியென்று தெரிந்தது என்று மட்டும் எழுதுங்கள். அவளுக்கு இப்போது நிம்மதி முக்கியம்.

நீங்கள் நினைக்கிற அளவுக்கு வீடு சோகமாக இல்லை. ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தாள், இப்போது மாடியில் இருக்கிறாள். காலையில் முகம் கழுவிவிடுவது நான், தலை பின்னுவது நான், ஜன்னலோரம் தூக்கி உட்காரவைப்பது நான். பின்னல் கோணலாக இருக்கிறதென்று கண்ணாடியைப் பார்த்துச் சண்டை போடுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அண்ணா என்று கூப்பிடுகிறாள். மாலையில் சீட்டு ஆடுகிறோம், நான் தோற்றுக்கொடுக்கிறேன். ஓட்டுநர் வந்து பார்த்துவிட்டு, அண்ணன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று கண் கலங்கினார்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல செய்தி. நடைப்பயிற்சி கொடுக்க வருகிற பெண் கெட்டிக்காரி. விரல்கள் அசைகின்றன, முழங்கால் தாங்குகிறது, பிடிமானம் இருந்தால் இனிமேல் தனியாகவே நடக்கலாம், ஒரு வருடத்தில் மலைக்குக்கூடப் போய்விடுவாள் என்று போன செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டதும் என் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலமே அவள் தானே தலை பின்னிக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து குளியலறைவரை சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தியிருக்கிறேன். என் கையாலேயே துளை போட்டுத் திருகியது. இன்று மூன்று மணிக்கு அவள் முதல் தடவையாக யாரும் தொடாமல் அந்தத் தூரத்தை நடக்கப்போகிறாள். நான் அறைக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குளியலறைப் பக்கத்துக் கடைசி மூன்று திருகுகள் இப்போது என் சட்டைப்பையில் இருக்கின்றன. நீங்கள் பதற வேண்டாம், அவளைத் தரையில் விழ விடமாட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுந்து ஓட வசதியாக நாற்காலியையும் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

மணி மூன்று ஆகிவிட்டது. கட்டில் கிறீச்சிட்டது, எழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள், ஒவ்வொரு அடிக்கும் எண் சொல்லிக்கொண்டு வருகிறாள். குரலில் அவ்வளவு உற்சாகம். பதினொன்று, பன்னிரண்டு. இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள்.